மயிற்பொறியும் கைப்பேசிப் பறவையும்: ‘2.0’ திரைப்படத்தின் நிறைகுறைகள்

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களுள் அறிவியல் புனைவு சார்ந்தவை மிகச் சிலவே. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ வேற்றுக் கோளினரைத் திரைக்குக் கொணர்ந்தது. எனினும், அம்முயற்சி தொடர் மரபாக வளரவில்லை. ஷங்கர் இயக்கத்தில் 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்த ‘எந்திரன்’, இவ்வகைப் படத்தைப் பெருந்திரளான மக்கள் விரும்பிப் பார்ப்பர் என்பதை மெய்ப்பித்தது. அதன் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29இல் ‘2.0’ வெளிவந்தது. அதன் ஆக்கச் செலவு 400 முதல் 600 கோடி ரூபாய் வரை எனப் பலவாறாகச் சொல்லப்பட்டது. இத்துணைப் பெரும் பொருட்செலவு, முதற்படம் எழுப்பிய சிந்தனையை முன்னெடுத்துச் செல்லப் பயன்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

எந்திரப் பறவையும் தமிழ் மரபும்

‘எந்திரம்’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கரும்பு பிழியும் எந்திரத்தைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. பெருங்கதையில் உதயணன் எந்திர யானையால் வஞ்சித்துச் சிறைப்பிடிக்கப்படுகின்றான். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் கருவுற்ற தன் மனைவி விசயையைக் காக்க மயில் வடிவில் பறக்கும் பொறியைச் செய்விக்கின்றான். அப்பொறி அவளைச் சுடுகாட்டில் இறக்க, அங்கே சீவகன் பிறக்கின்றான். ஆக, பொறி வஞ்சிக்கவும் செய்யும். காக்கவும் செய்யும் என்னும் இருநிலை உணர்வு நம் காப்பியங்களிலேயே காணப்படுகின்றது.

‘2.0’ படத்தின் மையப் படிமமும் ஓர் எந்திரப் பறவையே. சென்னை மக்களின் கைகளிலிருந்து பறந்து சென்ற கைப்பேசிகள் ஒன்றுகூடிப் பேருருவம் கொண்ட பறவையாகின்றன. மயிற்பொறி உயிரைக் காக்க மனிதன் செய்தது; கைப்பேசிப் பறவையோ மனிதன் செய்த பொருள்களே அவனுக்கு எதிராகத் திரண்டு எழுந்தது. இயக்குநர் இத்தொடர்பை எண்ணியே அமைத்தார் எனக் கொள்வதற்குச் சான்றில்லை. ஆயினும், தமிழ் ஆசிரியர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்க இயலும்.

படத்தின் நிறைகள்

முதலாவது, காட்சியாக்கம். கைப்பேசி அலைக் கோபுரத்தில் ஒரு முதியவர் தூக்கிட்டு உயிர் துறக்க, அவரைச் சுற்றிப் பறவைகள் வட்டமிடும் தொடக்கக் காட்சி சொல் மிகுதியின்றி முழுக் கதைக்கும் வித்திடுகின்றது. காட்டினுள் கைப்பேசிகள் ஒளிர்ந்து பரவும் காட்சியும் வியப்பை வெறும் அச்சமாகத் தாழவிடாமல் காக்கின்றது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவும் முப்பரிமாண அமைப்பும் இங்குக் கதைக்குத் துணை நிற்கின்றன.

இரண்டாவது, பட்சிராஜன் என்னும் பாத்திரம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியை (1896–1987) நினைவூட்டும் தோற்றத்தில் அக்‌ஷய் குமார் இப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். மனு கொடுத்தும் போராடியும் வழக்காடியும் தோற்றுப்போன ஒரு முதியவரின் கையறுநிலை, படத்தின் எப்பகுதியினும் உண்மையாக ஒலிக்கின்றது. உரையாடலில் பங்காற்றிய ஜெயமோகன் ‘யானை டாக்டர்’ கதையை எழுதியவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. விலங்கின் துயரை மனிதனின் அறவுணர்வோடு இணைக்கும் அப்பார்வையின் சாயல் இப்பகுதியில் தென்படுகின்றது.

மூன்றாவது, மொழி. நா. முத்துக்குமார் எழுதிய ‘புள்ளினங்கள்’ பாடல், வழக்கில் அருகிவிட்ட ‘புள்’ என்னும் பழஞ்சொல்லை மீண்டும் இளையோர் நாவில் தவழவிட்டது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடிய மொழியில், பறவைக்காக இரங்கும் பாடல் ஒன்று 2018இலும் மக்களைச் சென்றடைந்தது என்பது சிறு செய்தியன்று. எனினும், அறிவியல் விளக்கம் தரும் இடங்களில் உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களையே சார்ந்து நிற்பது இதற்கு முரணாக உள்ளது.

படத்தின் குறைகள்

‘எந்திரன்’ எழுப்பிய வினா தெளிவானது. தீயில் சிக்கிய பெண்ணைச் சிட்டி ஆடையற்ற நிலையில் மீட்டுக் கொணர்கின்றது; நாணத்தால் ஓடும் அவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காக்க வேண்டும் என்னும் கட்டளையை அறிந்த எந்திரம், மானம் என்பதை அறியவில்லை. அறிவுக்கும் பண்பாட்டுக்கும் இடையிலான இடைவெளியை ஒரே நிகழ்வில் அப்படம் உணர்த்தியது. ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய புதினங்களில் எந்திரத்தின் சிந்தனையை விளையாட்டும் வினாவுமாக எழுதிய சுஜாதாவின் பங்களிப்பு அதில் இருந்தது. 2008இல் அவர் மறைந்தபின் உருவான இரண்டாம் படத்தில் அத்தகைய வினா ஒன்றேனும் இல்லை.

எடுத்துக்காட்டாக, முதற்படத்தில் பேரழிவுக்குக் காரணமாக இருந்த சிவப்புச் சில்லு, இப்படத்தில் சிட்டி தோற்றபின் நிலா என்னும் எந்திரப் பெண்ணால் மீண்டும் பொருத்தப்படுகின்றது. அழிவை ஒருமுறை கண்ட சமூகம் அதே அழிவாற்றலை மறுபடியும் நாடலாமா என்னும் ஐயம் இங்கு எழுந்திருக்க வேண்டும். படமோ அதனை நாயகனின் மறுவருகையாகக் கொண்டாடிக் கடந்து செல்கின்றது. 1991இல் வந்த ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகமும் முதற்படத்தில் கொலைக்கருவியாக வந்த எந்திர வகையைக் காவலனாக மாற்றியது. ஆனால், உயிரின் மதிப்பை அந்த எந்திரம் படிப்படியாகக் கற்பதையே அது கதையாக்கியது. தொடர்படத்துக்கு இத்தகைய வளர்ச்சியே நியாயம் சேர்க்கும்.

அடுத்து, அறிவியல் அடிப்படை. பட்சிராஜனின் ஆற்றல் ‘ஆரா’ என்னும் ஒளிவட்டக் கருத்தால் விளக்கப்படுகின்றது. இது அறிவியல் நிறுவிய உண்மையன்று. பேய்க்கதை ஒன்றுக்கு ஆய்வுக்கூட உடை உடுத்தியது போன்றது. கைப்பேசி அலைகளே பறவைகள் அழிவதற்குக் காரணம் என்னும் கூற்றும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதன்று. படம் வெளிவருமுன்னரே இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் இதனை எதிர்த்து முறையிட்டது. வணிக நலம் சார்ந்த முறையீடு என்பதற்காக மட்டும் அதனைப் புறந்தள்ள இயலாது. இந்தியாவில் பாறுக் கழுகுகள் பெருமளவில் மடிந்ததற்குக் கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே முதன்மைக் காரணம் என ஆய்வுகள் காட்டின. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. உண்மையான காரணத்தைக் கண்டறிவதே பறவைக்குச் செய்யும் முதல் உதவியாகும். தவறான எதிரியைச் சுட்டும் பரிவு, நல்லெண்ணம் உடையதாயினும் பயனற்றுப் போகும்.

மிகப் பெரிய குறை, அறம் சார்ந்தது. இறுதிப் போரில் சிட்டியின் நுண்ணுருக்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, பட்சிராஜன் அடங்காவிடில் அப்புறாக்களைக் கொல்வதாக மிரட்டுகின்றன. பறவைகளின் பொருட்டு உயிர்விட்டவரைப் பறவைகளையே பிணையாக்கி வெல்லும் இக்காட்சி நகைச்சுவையாகப் படைக்கப்பட்டுள்ளது. பின்னர் வசீகரன், பட்சிராஜன் நல்லவர் என்றும் அலைவீச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அமைச்சரிடம் எடுத்துரைக்கின்றார். வெற்றியின் வழிமுறையும் வெற்றிக்குப் பிந்திய அறிவுரையும் ஒன்றையொன்று மறுக்கின்றன. கைப்பேசிக்கு எதிரான இப்படத்தில் முதற்படத்தின் நாயகி சனா, கைப்பேசியில் ஒலிக்கும் குரலாக மட்டுமே எஞ்சுவதும் எண்ணிப் பார்க்கத்தக்க முரணாகும்.

பினாங்கிலிருந்து நோக்குகையில்

இப்படம் பேசும் சிக்கல் பினாங்கு வாசகர்க்குத் தொலைவில் உள்ளதன்று. 1972இல் தொழில் வளாகம் தொடங்கிய பாயான் லெப்பாஸ், உலகின் மின்னணுக் கருவிகளுக்கு உறுப்புகள் செய்யும் இடமாக வளர்ந்தது. நம் மாணவர் பலரின் குடும்பங்கள் அவ்வுழைப்பால் வாழ்கின்றன. மலாய் மொழியில் ‘பாயான்’ என்பது கிளியினத்தையும் ‘லெப்பாஸ்’ என்பது விடுபடுதலையும் குறிக்கும். விடுபட்ட கிளியின் பெயரைத் தாங்கிய நிலத்தில் சில்லுகள் செய்யப்படுகின்றன.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளைப் பதிவு செய்த பறவையொலியால் ஈர்த்துக் கூடுகட்டச் செய்யும் வணிகமும் நடந்தது. 2008இல் நகரம் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின், மரபுடைமைப் பகுதியிலிருந்து இவற்றை 2013 இறுதிக்குள் அகற்றுமாறு மாநில அரசு கெடு விதித்தது. இங்கே பொறி பறவையை விரட்டவில்லை. பறவையின் குரலிலேயே பேசி அதனை அழைத்தது. வருவாய், மரபுடைமை, அண்டை வீட்டார் நலம், பறவையின் இருப்பு ஆகிய அனைத்தும் மோதிய இச்சிக்கலில் நல்லவர், தீயவர் எனப் பிரித்தல் எளிதன்று. ‘2.0’ தவறவிட்டது இந்தச் சிக்கலான உண்மையையே.

முடிவுரை

காட்சியாக்கத்தில் ‘2.0’ தன் முன்னோடியை விஞ்சியது. சிந்தனையில் அதற்குப் பின்தங்கியது. பட்சிராஜனின் துயரைக் காட்டும் பகுதி, பெரும் பொருட்செலவின்றியே ஒரு நல்ல படமாகியிருக்கும். தொழில்நுட்பத்தில் நம் கலைஞர் எவர்க்கும் இளைத்தவரல்லர் என்பது இப்படத்தால் உறுதியாயிற்று. இனித் தேவைப்படுவது, கதை எழுதும் நிலையிலேயே அறிவியல் அறிஞரும் தமிழறிந்தோரும் உடனமர்ந்து உழைக்கும் வழக்கமாகும்.

இப்படத்தை ஆசிரியர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மயிற்பொறியையும் கைப்பேசிப் பறவையையும் ஒப்பிட்டு எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். புறாக்களைப் பிணையாக்கிப் பெற்ற வெற்றி வெற்றியாகுமா என்று வகுப்பில் வினவலாம். படம் கேட்கத் தவறிய அவ்வினாவை மாணவர் கேட்கத் தொடங்குவாராயின், அதுவே இப்படத்தால் நாம் பெறும் பயனாகும்.