பாட்டின் பின்னே நின்ற கைகள்

கூலாய் வட்டாரத்துத் தோட்டப்புற வீடுகளில் தமிழ்த் திரைப்பாடல் வானொலி வழியாகவே குடிபுகுந்தது. படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என நான்கு பெயர்களை அறிவிப்பாளர் சொல்வார். நேயரும் அவற்றை மனத்தில் பதித்துக்கொள்வர். கித்தார் மீட்டியவர் பெயர் அங்கு ஒலித்ததில்லை. இசைத்தட்டின் உறையிலும் அஃது அரிதே.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொல்லிப் பதியவைத்தார். உடன் வாசித்தோர் சொல்லவில்லை. அவ்வாண்டிலேயே பிரேசிலில் காசா எடிசன் நிறுவனம் இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. அந்நாட்டின் தொடக்ககாலப் பதிவுகளிலும் கித்தார்க் கலைஞர் பலர் பெயரற்றே நிற்கின்றனர்.

தமிழில் ஒரு விந்தையான சான்று உண்டு. ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாட, எம். எஸ். விசுவநாதன் இசைக்குழுவை நடத்தும் பாடற்பதிவுக் காட்சி இடம்பெறுகிறது. வாத்தியக்காரர்களின் முகங்கள் திரையில் தெரிகின்றன. பெயர்களோ பெரும்பாலோர்க்குத் தெரியா. மறைந்திருந்ததால் மறக்கப்பட்டனர் என்று இனி எவரும் சமாதானம் கூறவியலாது. கண்முன் நின்றும் கேட்கப்படாதவர்கள் அவர்கள்.

‘அன்னக்கிளி’ (1976) வெளிவருமுன் இளையராஜாவும் பிறர் இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவரே. இங்கேதான் ஆய்வாளர்க்குச் சோதனை. அக்காலப் பாடலொன்றில் நல்ல கித்தார் ஒலி கேட்டதும் அவர் பெயரைச் சூட்டிவிட இரசிகர் மனம் விரைகிறது. புகழ் பெற்றவர்க்கு மேலும் ஒரு மாலை. உண்மையில் மீட்டியவர்க்கோ இரண்டாம் முறை மறைவு! ‘இளைய நிலா’ (1982) பாடலின் கித்தாருக்கு ஆர். சந்திரசேகர் பெயர் இன்று வழங்குகிறதென்றால், அப்பெயரை எடுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதே காரணம். கைப்பழக்கத்தைச் செவியால் மட்டும் அளந்து பெயர் சூட்டுவது சான்றாகாது. ஒரே இசையமைப்பாளரின் குறிப்பை வாசிக்கும் இருவர் ஒருவர்போலவே ஒலித்தல் கூடும்.

இதற்கு நெறி தமிழ் மாணவர் கையிலேயே உள்ளது. பெயர் தெரியாத சங்கப் புலவர்க்குத் தொகுப்பாளர் கற்பனைப் பெயர் புனையவில்லை. அவர்தம் பாட்டின் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் தொடித்தலை விழுத்தண்டினார் என்றும் வழங்கினர். அறியாமை ஒளிக்கப்படவில்லை, பாட்டும் அநாதையாகவில்லை. பதிவேடும், உடனிருந்தார் வாய்மொழியும் கிட்டும்வரை, கித்தார்க் கலைஞரையும் அவர் மீட்டிய இடத்தின் பெயராலேயே சுட்டலாம். உடனிருந்தாரோ முதுமை எய்திவிட்டனர்.