பத்து வாட் பணியாள்

அபிராமபுரத்து வீட்டு அலமாரியில், பஞ்சாங்கங்களுக்கு நடுவே ஒரு குட்டிக் கணினி இரவும் பகலும் விழித்திருக்கிறது. ஏதோ ஆபீஸில் உழைத்து ஓய்ந்து, சென்னை ரிச்சி தெருவின் பழைய கணினிக் கடைக்கு வந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். குடும்பப் படங்கள், அப்பா பதிந்துவைத்த கச்சேரிகள் எல்லாம் அதன் பொறுப்பு.

சும்மா இருக்கையில் சுமார் 10 வாட். இரண்டு மாத மின்கணக்கில் 14.4 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86.4, இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். பிராசஸர் பெயர் ‘டி’யில் முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்: 35 வாட் ரகம், சூடு குறைவு. ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி இன்னும் சிக்கனம்தான். அடாப்டர், பெட்டி, டிஸ்க் என்று சேர்த்தால் விலை ஏறிவிடுகிறது. இந்த டெல்லுக்கு விசிறிச் சத்தம்கூடச் சித்திரை மதியத்தில்தான்.