பாதி மேற்கோள், முழுப் பொய்

பரிணாமக் கொள்கையைப் பற்றி வாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் ஒரு மேற்கோள் தவறாமல் தலைகாட்டும். கண் போன்ற நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வினால் உண்டாயிற்று என்பது அபத்தம் என்று டார்வினே ஒப்புக்கொண்டுவிட்டாராம்! கேட்பவர் திகைத்துப் போவார். கொள்கையை வகுத்தவரே அதைக் கைவிட்டுவிட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது?

மேற்கோள் கற்பனையன்று. 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஆறாம் அத்தியாயத்தில் இக்கருத்து இருக்கிறது. தம் கொள்கைக்கு எதிராக எழக்கூடிய தடைகளை டார்வின் தாமே எடுத்து ஆராயும் அத்தியாயம் அது. ஆனால் அபத்தமாகத் 'தோன்றுகிறது' என்றுதான் அவர் எழுதினார். மேற்கோள் காட்டுவோர் நிறுத்துமிடத்தில் அவர் நிறுத்தவும் இல்லை. எளிய கண்ணிலிருந்து நுட்பமான கண் வரை பல படிகள் உண்டென்றும், ஒவ்வொரு படியும் அவ்வுயிருக்குப் பயன்பட்டதென்றும் காட்ட முடிந்தால் அத்தடை நீங்கிவிடும் என்று தொடர்ந்து விளக்கினார்.

அப்படிகளை இன்றும் காணலாம். பிளனேரியா என்னும் தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சிறு கிண்ணமே கண். நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் கண்ணில் லென்ஸ் இல்லை. ஊசித்துளைக் காமிராவைப் போல அது இயங்குகிறது. மீனுக்கோ லென்ஸுடன் கூடிய கண் இருக்கிறது. ஒளியுணரும் தட்டையான திசுவொன்று மீனின் கண்ணைப் போல வளர நான்கு லட்சம் தலைமுறைகள்கூடத் தேவையில்லை என்று 1994-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் நில்சனும் பெல்கரும் கணக்கிட்டனர்.

சோதனைச்சாலையில் பத்து அளவீடுகள் எடுத்துவிட்டு, தனக்குச் சாதகமான இரண்டை மட்டும் எழுதும் மாணவனை நாம் பாராட்டுவோமா? வாக்கியத்தை வெட்டுவதும் அதே குற்றந்தான். சொற்கள் உண்மையானவையாக இருப்பதால் பொய் மெய்யாகிவிடாது.

அறிவியலின் நண்பர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். 1860-இல் ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்போர்ஸுக்கு ஹக்ஸ்லி அளித்த பதிலடியைச் சொல்லுக்குச் சொல் கேட்டதுபோல் எழுதுகிறோம். அந்த விவாதத்துக்குச் சொல்லுக்குச் சொல்லான பதிவே கிடையாது. நமக்குப் பிடித்த மேற்கோளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இதனால் விளையும் பெரிய தீங்கு வேறொன்று. தம் கொள்கையின் பலவீனங்களைத் தாமே எடுத்துரைப்பது விஞ்ஞானிகளின் உயர்ந்த பண்பு. அந்த நேர்மையே ஆயுதமாகத் திருப்பப்பட்டால், நாளை யார் தம் ஐயங்களை வெளிப்படையாக எழுதுவார்கள்?

தம் கருத்து தொடர்ந்து திரித்துக் கூறப்படுவதைக் குறித்து 1872-ஆம் ஆண்டுப் பதிப்பில் டார்வின் வருந்தினார். ஆயினும் அத்தகைய திரிபு நெடுநாள் நிலைக்காது என்பதற்கு அறிவியல் வரலாறே சாட்சி என்று ஆறுதலும் கொண்டார். அந்த நம்பிக்கை தானாகப் பலிக்காது. மேற்கோளைக் கேட்டவுடன் நூலைத் திறந்து, முந்தைய வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் படித்துப் பார்க்கும் வாசகர்களே அதைப் பலிக்கச் செய்ய வேண்டும்.