பன்னிரண்டு ஆசனங்கள்: ‘ரு கில் ஏ மொக்கிங்பேட்’ நாவலில் யூரர் சபை

ஹாப்பர் லீயின் ‘ரு கில் ஏ மொக்கிங்பேட்’ 1960ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டே புலிற்சர் பரிசினைப் பெற்ற நாவலாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மேக்கொம் என்னும் கற்பனைச் சிற்றூரில், வெள்ளையினப் பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் ரொம் றொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளியின் வழக்கே இதன் மைய நிகழ்ச்சி. இந்நாவல் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சட்டத்தரணி அற்றிக்கஸ் பிஞ்சின் அறத்துணிவையே போற்றுவர். அது போற்றற்குரியதே. ஆயின் தீர்ப்பளித்தவர் அற்றிக்கஸ் அல்லர், பன்னிரண்டு யூரர்களே. அவர்கள் யாவர் என்ற வினா போதிய கவனம் பெறவில்லை.

பெண்ணின் முகத்தில் வலப்புறமே காயம். றொபின்சனின் இடக்கையோ சிறுவயதிலேயே பஞ்சரைக்கும் இயந்திரத்தில் அகப்பட்டுச் செயலிழந்தது. சான்று இத்துணைத் தெளிவாயிருந்தும் அவன் குற்றவாளியாகிறான். தீர்ப்பின் பின் மகன் ஜெம்முக்கு அற்றிக்கஸ் கூறும் விளக்கம் ஊன்றி நோக்கத்தக்கது. நகரத்து வெள்ளையர் யூரர் கடமையைத் தட்டிக் கழிக்கின்றனர். பெண்களோ சட்டத்தாலேயே விலக்கப்பட்டுள்ளனர். (அலபாமாவில் இத்தடை வீழ்ந்தது 1966இலேயே.) எனவே, நாட்டுப்புற வெள்ளை விவசாயிகளே எஞ்சுகின்றனர். அவர்களுள்ளும் கன்னிங்ஹாம் குடும்பத்தைச் சார்ந்த ஒருவன் விடுதலைக்காக வாதாடினான் என்பது ஆசிரியர் காட்டும் நம்பிக்கைக் கீற்று.

ஆனால், இவ்வுரையாடலில் ஒரு வினா எழவேயில்லை: கறுப்பர் ஒருவரேனும் அங்கு அமராதது ஏன்? அவர்களை யூரர் பதவியினின்று விலக்கும் சட்டம் செல்லாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1880இலேயே தீர்ப்பளித்திருந்தது. விலக்கு நடைமுறையில் நீடித்தது. ஸ்கொட்ஸ்பரோ வழக்கில், அலபாமா மாவட்டங்கள் கறுப்பரை யூரர் சபைகளிலிருந்து திட்டமிட்டு ஒதுக்கியமையை அந்நீதிமன்றம் 1935 ஏப்பிரலில் கண்டித்தது. நாவலின் விசாரணை நிகழ்வதும் அதே ஆண்டின் கோடையிலேயே. ஆகவே, அலபாமாச் சட்டத்தரணி ஒருவர் அறியாதிருக்க முடியாத இப்பிரச்சினையை நாவல் மௌனமாகக் கடந்து செல்வது ஒரு குறைபாடே. அநீதியின் வேரைத் தனிமனிதரின் மனமாசிலே தேடுவதால், ஆட்களைத் தெரிவுசெய்யும் அமைப்பு விசாரணைக்கு உட்படாது தப்பிவிடுகிறது.

கதை ஒரு வெள்ளையினச் சிறுமியின் வாய்மொழியாக வருவதால் இம்மௌனம் இயல்பானதே எனச் சிலர் வாதிக்கலாம். அது ஓரளவு உண்மை. பிறந்தது முதல் கண்ட ஒழுங்கைக் குழந்தை வினவுவதில்லை. எனினும் அற்றிக்கஸ் குழந்தையல்லர்.

ஆயினும் ஆசிரியரின் சிந்தனை சொல்லாததை அவரது கலை காட்டிவிடுகிறது. நீதிமன்றத்தின் மேன்மாடத்திலே கறுப்பின மக்கள் நிறைந்திருக்கின்றனர். தோல்வியுற்று வெளியேறும் அற்றிக்கஸுக்கு அவர்கள் எழுந்து நின்று மரியாதை செய்கின்றனர். இக்காட்சியை நெகிழ்ச்சியோடு மட்டும் வாசித்தல் போதாது. பார்க்கவும் எழுந்து நிற்கவும் அவர்களுக்கு இடமுண்டு, தீர்மானிக்க இடமில்லை. மாடத்துக்கும் கீழேயுள்ள பன்னிரண்டு ஆசனங்களுக்கும் இடைப்பட்ட அத்தூரமே றொபின்சனின் உயிரைக் குடித்தது.