குல்தாராவுக்குப் பேய் எதற்கு?

ஜெய்சல்மேருக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் கோட்டைக்கும் சாம் மணல்மேடுகளுக்கும் அடுத்த இடத்தை இப்போது குல்தாரா பிடித்திருக்கிறது. நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மஞ்சள் கல்லில் கூரையில்லாத வீடுகள், நேராக ஓடும் தெருக்கள், நடுவில் ஒரு கோயில். இந்த ஊரைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் வீடுகளைப் பார்க்க வருவதில்லை. பேய்க்காக வருகிறார்கள். ஆவிகளை ஆராய்வதாகச் சொல்லும் குழுக்கள் கருவிகளோடு இங்கே இரவு தங்கியிருக்கின்றன. கைவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த காணொளிகளுக்குக் கணக்கில்லை, தமிழிலும் வந்துவிட்டன.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங், ஊர்த்தலைவரின் மகள்மீது கண்வைத்தான். பெண்ணைக் கொடுக்க மனமில்லாத பாலிவால் பிராமணர்கள் சுற்றிலும் இருந்த 84 ஊர்களையும் ஒரே இரவில் காலி செய்தார்கள். இனி யாரும் இங்கே குடியிருக்க முடியாது என்று சாபமிட்டுவிட்டுப் போனார்கள்.

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதைக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். பேய்க்கதை இல்லையென்றால் இந்தக் கற்குவியலை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கதை கூட்டத்தைச் சேர்த்தது, வழிகாட்டிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பிழைப்பைத் தந்தது. கதைக்குள் வரலாற்றுச் சரடும் உண்டு. சாலிம் சிங் கற்பனை மனிதனல்ல. அவன் பெயரைச் சொல்லும் மாளிகை இன்றும் ஜெய்சல்மேரில் நிற்கிறது. அவன் குடிகளைச் சூறையாடியதை ஜேம்ஸ் டாட் தன் ராஜஸ்தான் வரலாற்று நூலில் பதிவுசெய்திருக்கிறார். அரசனின் கொடுமையைத் தாங்காமல் குடிகள் ஊரைவிட்டுப் போவது இந்திய வரலாற்றில் பழைய எதிர்ப்பு முறை. அந்த நினைவைக் கதை காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் அது விழுங்கியது அதிகம்.

முதலில் அந்த ‘ஒரே இரவு’. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வரலாற்றாளர் எஸ். ஏ. என். ரெசாவி இந்த இடிபாடுகளை அளந்து ஆராய்ந்தவர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குல்தாராவில் ஏறக்குறைய 1,600 பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1815 வாக்கில் டாட் திரட்டிய தகவலில் 200 வீடுகள், 800 பேர். 1890இல் மிஞ்சியவர்கள் 37 பேர். சாலிம் சிங் இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகும் இந்த ஊரில் அடுப்பு எரிந்திருக்கிறது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வரிச்சுமை ஒரு காரணம். கிணறுகள் வற்றியது இன்னொன்று: 1850 வாக்கில் படிக்கிணறும் ஆழமான வேறிரண்டு கிணறுகளும் மட்டுமே பயன்பாட்டில் இருந்தன. நிலநடுக்கமும் காரணமாக இருக்கலாம் என்று 2017இல் ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர வளர, ஒட்டக வணிகப் பாதைகளை நம்பியிருந்த ஜெய்சல்மேரும் நொடிந்தது. வறட்சி, வரி, வணிகம் என்று மூன்று தலைமுறைகள் பட்ட பாட்டையெல்லாம் ஒரு காமுகன், ஒரு பெண், ஓர் இரவு என்று சுருக்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. இந்த ஊரின் நடுகற்களிலோ இறந்தவர்களின் விவரங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு 1235, 1238ஆம் ஆண்டுகளில் நடந்த சாவுகளைச் சொல்கின்றன. சாதியையும் கோத்திரத்தையும்கூடக் கல்லில் எழுதிவைத்த ஊர் இது. இந்தக் கற்களின் முன்னால் எத்தனை காணொளிக்காரர்கள் நிற்கிறார்கள்?

கதை செய்த பெரிய அநியாயம் தண்ணீர் விஷயத்தில். ஆண்டுக்குச் சராசரி 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பல நூறு ஆண்டுகள் எப்படிச் சாப்பிட்டன என்பதுதான் குல்தாராவில் கேட்கவேண்டிய முதல் கேள்வி. விடை, கடீன் என்ற பாசனமுறை. 15ஆம் நூற்றாண்டில் ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால்கள் இதை உருவாக்கி வளர்த்ததாகச் சொல்லப்படுகிறது. மேலே பாறைச் சரிவு. பெய்கிற மழை அங்கே நிற்காமல் வழிந்தோடும். கீழே பள்ளமான நிலத்தின் ஓரத்தில் 100 முதல் 300 மீட்டர் நீளத்துக்கு மண்கரை. சரிவிலிருந்து வரும் நீர் வண்டலோடு இந்தக் கரைக்குப் பின்னால் தேங்கும். மிகுதி, கலிங்கு வழியாக வெளியேறும்.

நம் ஏரியைப் போலத் தோன்றினாலும் நோக்கம் வேறு. ஏரியில் தண்ணீரைச் சேமித்து வெளியே உள்ள வயலுக்கு விடுகிறோம். கடீனில் நீர் தேங்கும் தரையேதான் வயல். மழைக்காலம் முழுக்க நீர் மண்ணுக்குள் இறங்கும். நவம்பர் வாக்கில் மேல்நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு பாசனம் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் அறுவடைவரை பயிரைத் தாங்கும். கரைக்கு வெளியே தாழ்வான இடத்தில் கிணறு தோண்டினால் கசிந்துவந்த நீர் குடிக்கக் கிடைக்கும். கசிவோடு உப்பும் இறங்கிவிடுவதால் நிலம் உவர்நிலம் ஆவதில்லை. பாறை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது, கரையின் உயரம் எவ்வளவு என்பதை நூலளவு பிசகாமல் கணித்தவர்கள் பாலிவால்கள். ஜெய்சல்மேரின் பணக்காரக் குடிகளில் அவர்கள் இருந்ததற்கு வணிகத்தோடு இந்த விவசாயமும் காரணம்.

கடீன் செத்துப்போன தொழில்நுட்பமல்ல. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான கடீன்கள் இருக்கின்றன, இன்றும் விளைகின்றன. அனுபம் மிஸ்ரா ராஜஸ்தானின் நீர்மரபுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதைப் படித்தவர்கள் சிலர். பேயைப் பார்த்தவர்கள் பல லட்சம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பேய்க்கதை பாலைவனத்தைச் செத்த நிலமாகக் காட்டுகிறது. மனிதன் வாழ முடியாத, சாபம் பிடித்த இடமாக. அரசு ஆவணங்களும் கிட்டத்தட்ட அதையே வேறு மொழியில் சொல்கின்றன. தார்ப் பாலையின் பெரும்பரப்பு தரிசு என்ற தலைப்பின்கீழ்தான் பதிவாகியிருக்கிறது. கால்நடைகள் மேயும் கோயில்காடுகள்கூட அந்தத் தலைப்பில் சிக்கி, சூரிய மின்நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து ஜெய்சல்மேர் மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கடீனுக்கு உயிர் கரையில் மட்டும் இல்லை; மேலே வெறுமையாகத் தெரியும் பாறைச் சரிவிலும் இருக்கிறது. அங்கே ஒரு சாலையோ வேலியோ குறுக்கே வந்தால் கீழே கோதுமை இல்லை. அந்தச் சரிவு ‘சும்மா கிடக்கிற இடம்’ அல்ல என்பதைப் பார்வையாளனுக்குக் கற்றுக்கொடுக்கக் குல்தாராவைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே அவனுக்குக் கற்றுக்கொடுப்பது பயத்தை.

ஜெய்சல்மேர் கோட்டையின் கதையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1156இல் எழுந்து, இன்றும் மக்கள் வாழும் கோட்டை; 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு இன்றுள்ள பெரிய ஆபத்து தண்ணீர். குழாய்நீர் வந்து, விடுதிகள் பெருகி, சாக்கடை கசிந்து, குன்றின் அடிமண் இளகிக் கட்டடங்கள் சரிந்தன. ஒரே நாளில் இரண்டு இடங்களையும் பார்க்கும் பயணிக்கு, ஒன்று நீர் வற்றித் தளர்ந்தது, மற்றொன்று நீர் மிகுந்து சரிகிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் குல்தாராவில் சில வீடுகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். செய்யட்டும். ஆனால் சுவரை மட்டும் நிமிர்த்திவிட்டு நீர்வழியை விட்டுவிட்டால் அது திரைப்பட அரங்கம்போல ஆகிவிடும். ஊரின் குளத்தையும் படிக்கிணற்றையும் வறண்டு கிடக்கும் காக்னி ஆற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டி வாசலில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. வழிகாட்டிகளுக்குக் கடீனைப் பற்றிப் பயிற்சி கொடுப்பதற்கும் பெரிய செலவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குல்தாராவைப் பகலில் பாருங்கள். பிறகு வண்டிக்காரரிடம், விளைந்து நிற்கும் ஒரு கடீனுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவரே காட்டுவார்.