நதியும் நெருப்பும்: வன்னி நிலத்துக் கவிதை பற்றி ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தை ஆராய முற்படுவோர் வன்னிப் பெருநிலத்தைத் தனியே கருத்திற் கொள்ளுதல் அவசியமாகும். காடும் குளமும் வயலும் அங்கு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஆயினும் அவை யாவும் தாமாகத் தோன்றியவை அல்ல. பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய உடையார்கட்டு என்னும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். உடையார் என்பது ஒரு பதவிப்பெயர். கட்டு என்னும் சொல் அணையினையும் குறிக்கும். இவ்வாறு நோக்கின், அதிகாரமும் உழைப்பும் ஊர்ப்பெயரிலேயே பதிந்துள்ளன எனலாம். இத்தகைய நிலத்தை ஒரு கவிஞன் தன் சொந்த அனுபவமாகப் பாடும்போது, அந்நிலத்தை ஆக்கிய உழைப்பு அவன் பாட்டில் எங்ஙனம் இடம்பெறுகின்றது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாணத் தீ நமக்கு ஒரு திறவுகோலாக அமைகின்றது. 'வன்னி' என்னும் சொல் தமிழில் ஒரு மரத்தையும் தீயையும் குறிக்கும். பிரதேசப் பெயரின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆகவே பெயரிலிருந்து வரலாற்றை வருவிக்க நாம் முற்படவில்லை. வன்னியில் மனிதர் காட்டோடு கொண்ட உறவு நீண்டகாலமாகத் தீயினூடாகவும் நிகழ்ந்து வந்துள்ளது என்பதே நமக்கு முக்கியமாகும்.

வன்னி பற்றிய நவீன கவிதைகளுட் பெரிதும் அறியப்பட்டது வ. ஐ. ச. ஜெயபாலனின் 'பாலி ஆறு நகர்கிறது' ஆகும். 1968ஆம் ஆண்டுக்குரிய இக்கவிதையில் ஆறு ஆரவாரமின்றி நகர்கின்றது. நாணலும் பறவையும் வரால்மீனும் தத்தம் ஒலிகளோடு வருகின்றன. ஆனால் கவிஞர் அவற்றோடு நின்றுவிடவில்லை. வயலில் உழவு நடக்கின்றது. இயந்திரங்களின் ஓசை கேட்கின்றது. ஊர்ப்பெண்கள் துணி துவைத்தபடி ஊர்ப்புதினம் பேசிச் சிரிக்கின்றனர். ஆற்றுமணல் பண்டாரவன்னியனின் படையை நினைவூட்டுகின்றது. 1803இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை எதிர்த்தவன் அவன். எனவே இக்கவிதையின் அமைதி மனிதரற்ற வெறுமையின் அமைதியன்று. உழைப்பையும் போரையும் தன்னுள் அடக்கிக்கொண்ட அமைதி. யாப்போசையும் பேச்சோசையும் இயைந்த அதன் நடை ஆற்றின் நிதானத்தையே பெற்றுள்ளது. இயற்கையைக் காதலுக்குப் பின்திரையாக மட்டும் கண்ட பாடல்களிலிருந்து இக்கவிதை வேறுபடுவது இவ்வகையிலேயாகும்.

எனினும் ஒன்றை நாம் சுட்டவேண்டியுள்ளது. இக்கவிதையில் வயல் முன்னரே இருக்கின்றது. அது எவ்வாறு வயலாயிற்று என்பது பாடப்படவில்லை. பாலியாற்றை மறித்து அமைந்ததே வவுனிக்குளம். அக்குளம் புனரமைக்கப்பட்டுக் குடியேற்றம் நிகழ்ந்தபோது காடு வெட்டப்பட்டது. அதற்கும் முந்தியது சேனைப் பயிர்ச்செய்கை. கோடையிற் காட்டை வெட்டிக் காயவிட்டு, மாரிமழைக்கு முன் எரித்து, சாம்பல் படிந்த மண்ணிற் குரக்கனும் சோளனும் எள்ளும் விதைத்தனர் வன்னி மக்கள். ஓரிரு போகங்களின் பின் நிலத்தை மீண்டும் காட்டிடமே விட்டனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. பரம்பரையாகத் தீ மூட்டி விதைத்த உழவன் அத்துமீறுபவனானான். இச்சமூக வரலாறு ஆற்றைப் பாடும் கவிதையிற் புலப்படாது போவது இயல்பே. நெருப்பைப் பாடியிருப்பின் அதனைத் தவிர்த்தல் கடினமாயிருக்கும்.

நெருப்பைப் பாடிய மரபு தமிழில் இல்லாமலில்லை. பாரதியின் அக்கினிக்குஞ்சு காட்டுப் பொந்தில் வைக்கப்பட்டு, காடு முழுவதையும் எரித்து முடிக்கின்றது. சிறு பொறியின் பேராற்றலைக் காட்டும் குறியீடு என்ற வகையில் அதன் சிறப்பினை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் அக்காட்டில் மனிதர் எவரும் இல்லை. முற்போக்குக் கவிதையிற் பழைமைக்குக் காட்டையும் மாற்றத்துக்குத் தீயையும் ஈடாக வைப்பது பிற்காலத்தில் ஒரு வாய்பாடாகிவிட்டது. தேனும் விறகும் மூலிகையும் மேய்ச்சலும் காட்டிலிருந்து பெறும் ஒருவருக்கு, எரிவது பழைமையன்று, வாழ்வாதாரமாகும். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) போன்ற நாவல்கள் இவ்வாழ்வை அண்மையில் நின்று காட்டியுள்ளன. கவிதை இவ்வகையில் உரைநடைக்குப் பின்தங்கியே நிற்கின்றது.

இதற்குத் திணைமரபை நாம் கையாளும் முறையும் ஒரு காரணமாகலாம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறும். அங்கே வெம்மைக்குக் கர்த்தா ஞாயிறு. இலங்கையின் உலர்வலயக் காடுகளிலோ தீ பெரும்பாலும் மனிதர் மூட்டுவதே. இடியும் மின்னலும் அநேகமாக மழையோடு வருவதால் இயற்கையாகத் தீப்பற்றுதல் அரிது. அடிக்கடி எரிந்த காடு முட்பற்றையாகவும் புல்வெளியாகவும் குன்றிவிடும். அன்றியும், வன்னியில் 'பாலை' என்பது வறண்ட நிலத்தின் பெயரன்று. கோடையிற் பழந்தரும் ஒரு காட்டுமரத்தின் பெயர். இலக்கணத்திற் படித்த பாலையை இக்காட்டின்மேல் ஏற்றிப் பாடும் கவிஞன், கண்முன் நிற்கும் பாலைமரத்தைக் காணத் தவறிவிடுகின்றான்.

இவ்வேறுபாடு வெறும் இரசனைப் பிரச்சினையன்று. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்தினுள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அவ்வலயத்தினுள்ளும் மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்ததை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியான தன் அறிக்கையிற் பதிவு செய்துள்ளது. இதன் பின்னர் வன்னியைப் பற்றி எழுதப்படும் கவிதையில் தீ வெறும் உவமையாக வருமாயின், அங்கு ஒரு மறைப்பு நிகழ்கின்றது. மானிடர் செய்ததை இயற்கையின் சீற்றமாகக் காட்டும் கவிஞன், தான் அறியாமலே செய்தவரை விடுவித்து விடுகின்றான். சேனைத்தீயையும் எறிகணைத்தீயையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழியின் இயல்பு. அவற்றை வேறுபடுத்தி உணர்த்துவது கவிதையின் பொறுப்பு. முன்னையது விதைப்புக்கு நிலத்தை ஆயத்தஞ் செய்தது. பின்னையது விதைத்தவரையே நிலத்திலிருந்து அகற்றிற்று.

எனவே வன்னிக் கவிதையை மதிப்பிடுவோர், காட்சி அழகாக அமைந்துள்ளதா என்பதோடு நில்லாது, எரித்தவர் யார், எரிந்தது யாருடையது, அச்சாம்பலில் விதைத்தவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். பாலியாற்றுக் கவிதை இவ்வினாக்களுள் ஒரு பகுதிக்கேனும் இடமளித்தது. துவைக்கும் பெண்களையும் உழும் வயலையும் படை நடந்த மணலையும் ஆற்றிலிருந்து அது பிரிக்கவில்லை. அதன் வலிமை அதுவே. அக்கவிதை ஆற்றுக்குச் செய்ததை, சேனைக்கும் குளக்கட்டுக்கும் எரிந்த காட்டுக்கும் செய்யும் கவிதைகள் இன்னும் பலவாக எழுதப்படல் வேண்டும். அவற்றை எழுதவேண்டியவர்களுட் பலர் அம்மண்ணில் மீண்டும் விதைத்துக்கொண்டிருப்பவர்களின் பிள்ளைகளாக இருத்தல் கூடும். அவர்களது குரலை இனங்காணும் அளவுகோல்களை ஆக்கிவைப்பது நம்போன்ற திறனாய்வாளரின் கடமையாகும்.