வளையம் கட்டும் பாணிகள்

மும்பையின் மாட்டுங்கா மார்க்கெட்டில் விடியற்காலையில் வந்திறங்கும் வாழையிலைக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பச்சைக்குள் இருக்கும் மூலக்கூறுதான் எனக்கு நினைவுக்கு வரும். நான்கு பைரோல்களைக் கோத்த ஒரு வளையம், நடுவில் ஒரு மெக்னீசியம். மெக்னீசியத்தின் இடத்தில் இரும்பு இருந்தால், அதே குடும்பம் நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிறது. போர்பைரின் என்பது இந்தக் குடும்பப் பெயர்.

ஒளியைப் பிடிப்பது தனி மூலக்கூறின் வேலை என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1932இல் எமர்சனும் ஆர்னால்டும் அளந்து பார்த்தபோது, ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர 2,000க்கும் மேற்பட்ட பச்சைய மூலக்கூறுகள் இருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவை ஒளியைப் பிடித்துக் கைமாற்றிவிடுகின்றன. வேதிவினை நடப்பது ஒரு சில இடங்களில் மட்டும். அந்தக் கைமாற்று எப்படி அமைந்திருக்கிறது என்பதை 1995இல் கிளாஸ்கோவில் காக்டெலும் ஐசக்ஸும் அவர்கள் குழுவும் படமாகவே காட்டினார்கள். எடுத்துக்கொண்டது ஓர் ஊதா பாக்டீரியா. ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரிலும் சேற்றிலும் வாழும் இனம். அதன் ஒளி பிடிக்கும் புரதக் கூட்டில் 18 பச்சைய மூலக்கூறுகள் ஒரு வளையமாக நிற்க, இன்னொரு 9 அருகே தனி வளையமாக நிற்கின்றன. ஒன்பதின் வளையம் 800 நானோமீட்டர் ஒளியைப் பிடித்து, ஏறத்தாழ ஒரு பிக்கோ நொடியில் பதினெட்டின் வளையத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பிக்கோ நொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இந்த வளையத்தைக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டவர்களிடம் தனித்தனிப் பாணிகள் உருவாகின. சண்முகானந்தா சபாவில் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் "இது யார் பாணி?" என்று கண்டுபிடிப்பவர்கள் நம் பேட்டையில் உண்டு. இந்தத் துறையிலும் வளையத்தின் மூட்டைப் பார்த்தால் போதும், குருகுலம் தெரிந்துவிடும்.

கேம்பிரிட்ஜில் சாண்டர்ஸ் வளர்த்தது அச்சு வைத்துக் கட்டும் முறை. நடுவில் கால்கள் நீண்ட ஒரு மூலக்கூறை வைத்தால், போர்பைரின்களின் நடுவிலுள்ள துத்தநாகங்கள் அந்தக் கால்களைப் பற்றிக்கொண்டு சுற்றி நிற்கும். பிறகு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு அச்சை உருவிவிடலாம். அவருடைய மாணவர் ஆண்டர்சன் இதை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுபோய் ஆறு போர்பைரின் வளையம் செய்தார். 2011இல் பன்னிரண்டு போர்பைரின் வளையம் வந்தது. அதற்கு அவர் குழு செய்த கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு போர்பைரின் தொடர், ஆறு கால் அச்சு. நான்குக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. ஆகவே மூன்று தொடர்களும் இரண்டு அச்சுகளும் சேர்ந்தால்தான் எந்தக் காலும் வெறுமையாக நிற்காது.

கியோட்டோவில் ஓசுகா வெள்ளி உப்பைக் கொண்டு போர்பைரின்களை இடையில் எதுவுமின்றி நேரடியாக ஒட்டினார். வட கரோலினாவில் லிண்ட்சே 1999இல் ஆறு போர்பைரின்களைக் கொண்டு சக்கரம் போன்ற வளையம் அமைத்தார். இவை எல்லாம் சகப்பிணைப்புப் பாணிகள், உறுதியானவை.

என் மனம் போவது ஜப்பானின் நாராவுக்கு. ஊதா பாக்டீரியாவின் வளையத்தில் பச்சைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கவில்லை. புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம், தன் இமிடசோல் கையால் மெக்னீசியத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நாராவில் கொபுகே அதே இமிடசோலைப் போர்பைரினிலேயே பொருத்தினார். ஒன்றின் இமிடசோல் மற்றொன்றின் துத்தநாகத்தைப் பிடிக்க, அது இதன் துத்தநாகத்தைப் பிடிக்க, இரண்டும் சற்றே விலகி முகம் பார்த்து நிற்கும். பிறகு ஒரு பென்சீனின் இரு பக்கம் 120 பாகையில் இரு போர்பைரின்களை, ஓட்டுக்கூரையின் இரு சரிவு போல வைத்தார். அறுகோணத்தின் உட்கோணமும் 120 பாகைதானே! 2003இல் ஆறு கூரைகள் தாமாகவே கைகோத்து வளையமாயின.

இந்தத் தாமாகச் சேரும் பாணிக்கு நம் நாட்டில் இன்னும் முந்தைய வேர் உண்டு. 1982இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தனபாலும் கிருஷ்ணனும் போர்பைரினின் நான்கு முனைகளிலும் கிரீடம் போன்ற ஈதர்களை வைத்தார்கள். பொட்டாசியம் அயனி அந்தக் கிரீடத்துக்குள் அடங்காத அளவு பெரியது. அதனால் இரு கிரீடங்களுக்கு நடுவே அமர்ந்து இரண்டு போர்பைரின்களை நெருங்க வைத்தது. மும்பையில், கொலாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரியசாமியும் மஜும்தாரும் உடனிருந்தோரும், இப்படிப் பிணைப்பில்லாமல் சேர்ந்த போர்பைரின் இணைகளின் ஒளிர்வை நேரம் வைத்து அளந்து 1995இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் பெயருள்ள ரவிகாந்த், பின்னாளில் பவாய் ஐஐடியில் போர்பைரினின் நைட்ரஜனுக்குப் பதில் கந்தகம் வைத்துப் புதிய வரிசைகளைச் செய்தார். கந்தகம் ஏறிய போர்பைரினின் ஆற்றல் நிலை தாழ்வானது. ஆகவே பக்கத்து மூலக்கூறு பிடித்த ஒளி அதை நோக்கி இறங்கிவரும். தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வேதியியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடங்களும் ஒரு ரயில், ஒரு பஸ் தூரம்தான்.

தரத்தை எப்படி அளப்பது? கரைசலை நீர்க்கச் செய்தாலும் வளையம் குலையாமல் நிற்க வேண்டும். கைகோத்து நிற்கும் பாணியின் பலவீனம் இதுதான். கொபுகே பிறகு மூட்டுகளைத் தைத்து அதைச் சரிசெய்தார். ஆற்றல் தாவும் வேகம் இன்னொரு அளவுகோல். ஓசுகா நேரடியாக ஒட்டிய சிறு வளையங்களில் அது ஒரு பிக்கோ நொடிக்கும் குறைவு. என் மதிப்பில் இரண்டுக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு: சேர்த்த ஒளி எங்கே போகிறது? துத்தநாகப் போர்பைரினுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2 நானோ நொடி. அதற்குள் வாங்கிக்கொள்ள யாரும் இல்லாவிட்டால் வளையம் எத்தனை அழகாக இருந்தாலும் சுற்றிய ஒளி வீண். 2004இல் நாரா குழு வளையத்தின் நடுவே நான்கு கால் மூலக்கூறு ஒன்றை அமர்த்திக் காட்டியதை அதனால்தான் பெரிய படியாக நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா ஒளியில் இந்த வளையங்கள் கரைந்த குப்பியைப் பிடித்தால், அடர்சிவப்பாக ஒளிரும். முதல்முறை பார்ப்பவர்கள் மெய்மறந்து நிற்பார்கள். அந்தச் சிவப்பு, சேருமிடம் சேராமல் திரும்பி வரும் ஒளி. வாங்கிக்கொள்ளும் மூலக்கூறை நடுவில் அமர்த்திவிட்டுப் பார்த்தால் வளையத்தின் அந்தச் சிவப்பு மங்கிப்போயிருக்கும்.